ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை யார் பொறுப்பு?

சிறுவர் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் சிறுவர் செயலகத்துக்கும், மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் முன்பள்ளிக் கல்வியைக் கவனிப்பவர்களுக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், தோட்டக் கம்பனிகளுக்கும், எங்கள் தொழிற்சங்கங்களுக்கும்.

மதிப்புக்குரியவர்களே,

இத்தனை பேரை விளித்து எழுத வேண்டியிருப்பதே இந்தக் கடிதத்தின் பாதி விஷயம். ஏழு வயதுப் பிள்ளையின் படிப்பைப் பற்றி எழுதுவதென்றால் குழப்பம் இல்லை. அதிபர், வலயக் கல்விப் பணிமனை, கல்வி அமைச்சு என்று ஒரு வழி இருக்கிறது. தோட்டத்தில் வளரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு வழி இல்லை. பிள்ளைக்காம்பரா (தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப்போகும் இடம்) கம்பனியின் இடத்தில், நிதியத்தின் மேற்பார்வையில். முன்பள்ளி மாகாணத்தின் கீழ். கொள்கை கொழும்பில். நிறையும் உயரமும் மருத்துவ மாதுவின் பதிவில். ஆளுக்கொரு பக்கத்தைப் பார்க்கிறீர்கள்; பிள்ளையை முழுதாகப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தரம் 1 படிப்பிப்பவள். எங்களிடம் வந்து சேரும்போது பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டிருக்கும். அதற்கு முந்திய காலத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்ததோ அதை வைத்துத்தான் நாங்கள் வேலை செய்ய வேண்டும். நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் பிள்ளைக்காம்பராவைத் தனியாகவும் முன்பள்ளியைத் தனியாகவும் நடத்துவதை நிறுத்துங்கள். தாய் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும் நேரத்திலிருந்து திரும்பி வரும் நேரம் வரை திறந்திருக்கிற ஒரே இடமாக, ஒரே பொறுப்பின் கீழ், அதை ஒரு கல்வி நிலையமாக்குங்கள்.

உலகம் இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கி நாளாகிவிட்டது. 1990இல் தாய்லாந்தின் ஜொம்தியனில் வெளியான ‘எல்லோருக்கும் கல்வி’ பிரகடனம், கற்றல் பிறப்பிலேயே தொடங்குகிறது என்றது. 2000இல் செனகலின் டக்காரில் வகுத்த ஆறு இலக்குகளில் முதலாவதே முன்பிள்ளைப் பருவம்தான். அதிலும் மிகவும் நலிந்த பிள்ளைகளுக்கு விசேட கவனம் என்று எழுதியிருந்தார்கள். 2015இல் வந்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 4.2 இதற்கென்றே இருக்கிறது. 2030க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரமான முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பும் முன்பள்ளிக் கல்வியும் கிடைத்து, அவர்கள் ஆரம்பப் பாடசாலைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அந்த இலக்கு. 2022இல் தாஷ்கண்டில் நாடுகள் கூடியபோது, கல்விச் செலவில் குறைந்தது 10 வீதம் முன்பள்ளிக் கல்விக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இலேயே ஏற்றுக்கொண்ட நாடு. 2004இல் முன்பிள்ளைப் பருவத்துக்குத் தேசியக் கொள்கையும் வந்தது. எழுத்தில் குறை ஒன்றும் இல்லை.

குறை அளக்கிற விதத்தில் இருக்கிறது. 4.2ஐ அளக்க இரண்டு சுட்டிகள் உண்டு. அதிகாரிகளுக்கு வசதியானது இரண்டாவது: தரம் 1க்கு வருவதற்கு முந்திய வருடத்தில் பிள்ளை ஏதாவது ஒரு முன்பள்ளியில் இருந்ததா? பதிவேட்டை எண்ணினால் விடை வந்துவிடும். அந்தக் கணக்கில் எங்கள் பிள்ளைகளும் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். நாலு வயதில் எங்கேயாவது ஒரு முன்பள்ளியில் பெயர் பதிந்திருக்கும். பெயர் பதிந்த பிள்ளை எத்தனை நாள் போனது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தது, யார் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று அந்தச் சுட்டி கேட்காது.

சரி, நான் கேட்கிறேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் கலைந்து பெண்கள் மலை ஏறும்போது ஏழரை மணி. அதற்கு முன்னரே பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருக்க வேண்டும். முன்பள்ளி எட்டு, எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரை மணிபோல முடிந்துவிடும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) வந்து சேரும்போது மாலை ஐந்து. எட்டரைக்குப் பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிப்போவது யார்? பதினொன்றரைக்குத் திரும்பக் கூட்டிவருவது யார்? முன்பள்ளி மேல் டிவிசனிலும் பிள்ளைக்காம்பரா கீழ் டிவிசனிலும் இருந்தால் நடுவில் இருப்பது தேயிலை மலைப் பாதை. மழைக் காலத்தில் வழுக்கும், அட்டை கடிக்கும், குளவிக் கூடு கலைந்தால் பெரியவர்களுக்கே உயிர் ஆபத்து. கைக்குழந்தைகளை விட்டுவிட்டு ஆயாவால் போக முடியாது. தாய் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆன பிறகும், அரைப்பேரை விட்டுக்கொடுக்கிற வசதி எந்த லயத்திலும் இல்லை.

அதனால் வீட்டில் அம்மாயி (பாட்டி) இருந்தால், அவருக்கு முழங்கால் தாங்கினால், பிள்ளை முன்பள்ளிக்குப் போகும். அம்மாயி இல்லாவிட்டால் தரம் 5இலோ 6இலோ படிக்கிற அக்கா வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கு வர மாட்டாள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அதுவும் முடியாத வீட்டில், பிள்ளை பிள்ளைக்காம்பராவிலேயே இருந்துவிட்டு, தரம் 1 விண்ணப்பம் போடுகிற காலத்தில் கடைசி நாலைந்து மாதம் முன்பள்ளியில் தலையைக் காட்டும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நாம் கூட்டங்களில் பேசிக்கொள்கிறோம். நேரசூசியைத் திருத்தாமல் பெற்றோரைத் திருத்தப் பார்க்கிறோம்.

இந்தப் பிரிவு இயற்கையாக வந்தது இல்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது எங்கள் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே, துரைமாரின் கையில் இருந்தன. மூன்று வருடத்தில் பிரஜாவுரிமையும் போனது. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களில்தான். பிறகு சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பின, ஆசிரியர் நியமனங்கள் வந்தன. மலையகப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்றால் அதற்கு அடித்தளம் அந்தப் பொறுப்பேற்பு. ஆனால் அன்றைக்கு ஐந்து வயதில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போன பிள்ளை அரசின் பிள்ளை. இந்தப் பக்கம் நின்ற பிள்ளை தோட்டத்தின் பிள்ளை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியபோது அந்தச் சின்னப் பிள்ளையும் சொத்துப் பட்டியலோடு சேர்ந்து கைமாறியது. முன்பள்ளியோ 1987இன் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகளிடம் போயிருந்தது. மாகாண சபைகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல், ஊவாவில். இன்றைக்கு எங்கள் மாகாணத்தில் முன்பள்ளி பற்றிக் கேள்வி எழுப்ப ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லை.

நடந்த நல்லதை மறைக்க மாட்டேன். பிள்ளை மடுவம் என்ற பழைய பிள்ளைக்காம்பராவைக் கண்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். இருட்டுக்குள் ஏணைகள் வரிசையாகத் தொங்கிய இடத்தில் இன்று பல தோட்டங்களில் ஜன்னல் வைத்த கட்டடம், சமையலறை, பிள்ளைகளின் உயரத்துக்குக் கழிப்பறை, பால் கொடுக்க ஒரு மூலை என்று இருக்கின்றன. பெயரும் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மாறியது. 2015இல் உலக வங்கி 5 கோடி டொலர் கொடுத்த முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்தில் தோட்டங்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது. திறப்பு விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன். நாடா வெட்டுவார்கள், சுவரில் மிக்கி மவுஸ் சிரிக்கும், பொன்னாடை போர்த்துவார்கள். பேசுகிறவர்கள் கட்டடத்துக்குச் செலவான தொகையைச் சொல்வார்கள். உள்ளே வேலை செய்யப் போகிறவரின் சம்பளத்தை யாரும் சொன்னதில்லை.

அந்த ஆளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கும் நிலையங்கள் உண்டு. பெயருக்கு இருப்பவையும் உண்டு. எப்படியோ, நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது ஒன்றிரண்டு பெண்கள். பிரசவ விடுமுறை 12 வாரம். அது முடிந்ததும் தாய் மலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் மூன்று மாதத்துக் குழந்தையும் அங்கே வருகிறது. நாலரை வயதுக்காரனும் அங்கேதான் ஓடுகிறான். பால் கரைப்பது, கஞ்சி ஊட்டுவது, கழுவுவது, உடுப்பு மாற்றுவது, தூங்க வைப்பது, அழுகிறதைத் தூக்குவது. இதிலேயே பொழுது போய்விடும். பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் மிஞ்சுவதில்லை. பேசுவதுதான் அந்த வயதின் பாடத்திட்டம். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு காக்கையைக் காட்டி ஏதோ சொன்னால், ஒருவர் திரும்பிப் பார்த்து, ‘ஆமா, காக்கா, பறந்து போச்சு, எங்க போச்சு?’ என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை கேட்க வேண்டும். அது கிடைக்காத பிள்ளை என் வகுப்பில் நான் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டும்.

இதற்குப் பட்டதாரிகள் வேண்டும், நிதி இல்லை என்று சொல்வீர்கள். ஜமேய்க்காவில் நடந்ததைப் பாருங்கள். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூக சுகாதார உதவியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போனார். வீட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்துத் தாயும் பிள்ளையும் பேசி விளையாடப் பழக்கினார். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உதவியாளர்களிடம் பட்டம் இருக்கவில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் சம்பளமும் இருந்தன.

ஜமேய்க்காவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2016இன் குடிசனவியல் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம்; தோட்டத் துறையில் 32 வீதம். என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் வரிசையாக நின்றால் அதில் ஒருவர். அதன் பிறகு 2022 வந்தது, பருப்பும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின, அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவுக்கே தட்டுப்பாடு. அந்த வருடம் பிறந்தவர்கள்தான் வரப்போகும் தரம் 1 பிள்ளைகள். இவர்களுக்குச் சோற்றை ஓரிடத்திலும் படிப்பை இன்னோரிடத்திலும் கொடுக்க முடியாது. இந்தியாவில் 1975இல் தொடங்கிய அங்கன்வாடி, சத்துணவையும் தடுப்பூசியையும் முன்பள்ளியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் அங்கேயும் நேரம் தாயின் வேலை நேரத்தோடு ஒத்துப்போவதில்லை. எங்களுக்குப் பொருந்துகிற உதாரணம் அதைவிடப் பழையது. 1969இல் மீரா மகாதேவன் டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடங்களிலேயே தொடங்கிய ‘மொபைல் கிரெஷஸ்’. கல் சுமக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, வேலைத் தலத்திலேயே, சாப்பாடும் மருத்துவமும் படிப்பும். தோட்டத்தில் கட்டடம்கூட ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு இருந்ததைவிட நமக்கு வேலை சுலபம்.

முன்பள்ளி ஆசிரியரைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவாருங்கள் என்றால், எந்த ஆசிரியர் என்ற கேள்வியும் வரும். இப்போது தோட்டப் பக்கத்து முன்பள்ளிகளில் இருக்கும் பெண்கள் பலர் பெற்றோர் கட்டும் மாதக் கட்டணத்தையும் சிறு கொடுப்பனவு ஒன்றையும் நம்பி நிற்கிறவர்கள். கட்டணம் வராத மாதம் சம்பளமும் இல்லை. பெற்றோரைத் திருப்திப்படுத்தாமல் அவர்களால் பிழைக்க முடியாது. அதனால்தான் மூன்று வயதில் இரட்டைக்கோட்டுக் கொப்பி. அதனால்தான் அர்த்தம் தெரியாத ஆங்கிலப் பாட்டு. வருடக் கடைசியில் கலைவிழா, வாடகை உடுப்பு, கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டுப் ‘பட்டமளிப்பு’. அந்த அங்கி வாடகைக்கு ஒரு தாய் கைமாற்று வாங்குவது எனக்குத் தெரியும். நான் இதை நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், அது வேறு கதை.

தரம் 1 ஆசிரியையாகச் சொல்கிறேன்: பிள்ளை எழுதத் தெரிந்து வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எழுத்தை நாங்கள் படிப்பித்துக்கொள்கிறோம். நேற்று வீட்டில் நடந்ததை நாலு வசனத்தில் சொல்லத் தெரிய வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். கத்தரிக்கோல் பிடித்த விரல் பென்சிலையும் பிடிக்கும். விதைகளை எண்ணிப் பிரித்த பிள்ளைக்குக் கணக்கு பயமாக இருக்காது. இதற்கெல்லாம் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டாம். லயத்தில் இருக்கும் கிழவிமாரிடம் நொடி (விடுகதை) இருக்கிறது, தாலாட்டு இருக்கிறது, மாசி மாதத்தில் காமன் கூத்துப் பாட்டு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓர் அம்மாயியைப் பிள்ளைக்காம்பராவில் உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். பயிற்சிக் கையேடுகளைத் தமிழிலேயே எழுதித் தாருங்கள். சிங்களத்தில் எழுதி மொழிபெயர்த்த கையேட்டை வைத்துக்கொண்டு எங்கள் பெண்கள் படும் பாடு போதும்.

கம்பனிகளுக்கு ஒரு வார்த்தை. இன்று பல தோட்டங்களில் வேலைமுறை மாறிவிட்டது. பெயர் பதிந்த தொழிலாளர் குறைந்து, கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் முறையும் பரவுகிறது. தாய் கொழும்பில் கார்மென்டிலோ வீட்டு வேலையிலோ, இல்லை மத்திய கிழக்கிலோ இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். தாயின் பெயர் செக்ரோலில் (தோட்டத்தின் சம்பளப் பட்டியலில்) இல்லை என்பதற்காக அந்தப் பிள்ளை பிள்ளைக்காம்பரா வாசலில் நிற்கக் கூடாது. தோட்டத்தில் குடியிருக்கும் பிள்ளை எல்லாம் அங்கே சேரலாம் என்று எழுத்தில் தாருங்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சில நிலையங்களை மூடும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்: பிள்ளைகள் குறையவில்லை, உங்கள் பட்டியல் குறைந்திருக்கிறது.

தொழிற்சங்கத் தலைவர்களே, கூட்டு ஒப்பந்தக் காலத்திலும் சரி, சம்பள நிர்ணய சபைக் காலத்திலும் சரி, பேச்சுவார்த்தை மேசையில் பிள்ளைக்காம்பரா பேசப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தா அவர்களுடையது.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் இடம்பெயர்கிறோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் இனி ஒரு நிலையமும் கட்டக் கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றின் சரிவையும் பார்க்க வேண்டும்.

இனி அளப்பதற்கு வருகிறேன். 4.2இன் முதலாவது சுட்டியை யுனிசெப் இருபது கேள்விகளாகத் தந்திருக்கிறது; இரண்டிலிருந்து நாலு வயது வரையான பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்ச்சியில் இருக்கிறார்களா என்று தாயிடம் கேட்பது. மூன்று சொல்லாவது சேர்த்துப் பேசுமா, பொத்தானைத் தானே போடுமா, பத்துப் பொருளை எண்ணுமா என்கிற மாதிரிக் கேள்விகள். மேடு பள்ளமான பாதையில் விழாமல் நடக்குமா என்றும் ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் பிள்ளைகள் உலகத்துக்கே முதலாவதாக வருவார்கள். மற்றப் பத்தொன்பதையும் தோட்டத் துறைக்கென்று தனியாகக் கேட்டு, விடையைத் தமிழில் வெளியிடுங்கள். நுவரெலியா மாவட்டச் சராசரிக்குள் தோட்டத்தைக் கரைத்துவிட வேண்டாம்.

பணத்துக்கு யார் பொறுப்பு என்பதில் என் கருத்து இது. ஆசிரியரின் சம்பளத்தை அரசு கொடுக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னை நியமித்தது போலத்தான். கட்டடமும் தண்ணீரும் மின்சாரமும் ஆயாவின் சம்பளமும் கம்பனியினுடையது. அந்தப் பிள்ளை அங்கே இருப்பதால்தான் தாய் மலையில் இருக்கிறாள். இரண்டையும் பார்க்கிற அதிகாரி ஒருவராக இருக்க வேண்டும். தேயிலை விலை விழுந்துவிட்டது என்று ஒரு பக்கமும் திறைசேரியில் காசு இல்லை என்று மறுபக்கமும் சொல்வார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும்.

காசே தேவைப்படாத ஒரு வேலையும் இருக்கிறது. ஒரே டிவிசனில் முன்பள்ளியும் பிள்ளைக்காம்பராவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தோட்டங்களில், முன்பள்ளி ஆசிரியர் காலை வகுப்பைப் பிள்ளைக்காம்பராவிலேயே நடத்தலாம், வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் மாலை வரை அங்கேயே இருக்கலாம் என்று மாகாணமும் கம்பனியும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். வரும் ஜனவரியில் முன்பள்ளிகள் திறக்கும்போது அது எங்கள் கையில் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தரம் 1 ஆசிரியை ஒருவர்,
நுவரெலியா மாவட்டம்